மலையில் தொங்கும் மங்குகள்



மங்கு என்றால் என்னவென்று நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பிரட்டு முடிந்து, நிரையில் ஏறி, மரத்தைச் சீவி மங்கை நிமிர்த்தி வைத்தால், சொட்டுச் சொட்டாகப் பால் வடிந்து அது நிரம்பும். அந்த மங்கு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் மனிதன் யாரும் மாட்டிவிடாமல், ஒரு செடி தானே மங்கு செய்து, தன் இலை நுனியில் தொங்கவிட்டு, தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் அதைப் பார்க்கத்தான் மலை ஏறினேன். அறுபதை நெருங்கும் வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று அண்டை வீட்டார் கேட்டார்கள். நான் என் விருப்பத்துக்காகப் போகவில்லை. என் தந்தை ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் தேடிப் போனேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஜொகூர் மாநிலத்தில், தங்காக்கிலிருந்து சிகாமட் செல்லும் சாலையில், சாகில் பக்கத்தில் இருந்த ஒரு பால்மரத் தோட்டம். எங்கள் லயத்து வாசலில் நின்றால் குனோங் லேடாங் மலை நேராகத் தெரியும். உயரம் 1,276 மீட்டர். அந்தக் காலக் கணக்கில் சொன்னால் 4,187 அடி. எங்களுக்கு அது மலை மட்டுமல்ல, கடிகாரமும் காலண்டரும் அதுதான். மலை முகத்தை மூடிக்கொண்டால் மழை வரும். மழை வந்தால் மரம் நனையும். மரம் நனைந்தால் அன்றைய சம்பளம் போச்சு. அதனால் எங்கள் அம்மா காலையில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மலையைத்தான் பார்ப்பார்.

இந்த மலையில் ஓர் இளவரசி வாழ்வதாக மலாய்க்காரர்களின் பழங்கதை ஒன்று உண்டு. மலாக்கா சுல்தான் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினாராம். அவள் கேட்ட சீர்வரிசை என்ன தெரியுமா? மலாக்காவிலிருந்து மலைக்குத் தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம்... இப்படியே போய், கடைசியில் சுல்தானுடைய மகனின் இரத்தம் ஒரு கிண்ணம் என்று முடிந்ததாம். சுல்தான் பின்வாங்கிவிட்டார். சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், ஏழு தட்டுக் கொசுவை யார் பிடிப்பது என்று யோசிப்பேன். அந்த மலையிலேயே கொசுவும் எறும்பும் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் தோட்டம் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்களும் போய்விட்டன. நாங்கள் தங்காக் பக்கம் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிவந்து பல வருடங்கள் ஆகின்றன. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. நினைவு நன்றாக இருக்கிறது, மூட்டுதான் ஒத்துழைப்பதில்லை. ஒரு நாள் மாலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்.

"ஏம்மா, மேல பாடாங் பத்துல அந்தக் குடுவைச் செடி இன்னும் இருக்குமா? யாராவது போய்ப் பாத்துட்டு வந்து சொன்னா நல்லா இருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி மகள், "தாத்தா, அது என்ன செடி?" என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியும். ஆனால் நானும் அப்போது சொல்லவில்லை.

அப்பா அடையாளம் மட்டும் சொன்னார். "உக்காந்த எருமை மாதிரி ஒரு பாறை. அதுக்குக் கீழ ஒரு வெடிப்பு. வெடிப்புல எப்பவும் தண்ணி கசியும். அங்கதான்."

நான்காம் படிவம் படிக்கும் அந்தப் பெண்ணையே துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அப்பா காலத்தில் மலைக்கு வாசல் கிடையாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். இன்று அது ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பெயரைப் பதிந்து, கட்டணம் கட்டி, வழிகாட்டியோடுதான் போகவேண்டும். எங்கள் பையில் இருந்த தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியல் எழுதிக்கொண்டார்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வரவேண்டுமாம். நல்ல ஏற்பாடு என்று மனதுக்குள் பாராட்டினேன்.

வழிகாட்டி, மகன் வயதுள்ள ஒரு மலாய் இளைஞர். என்னை "மாக்சிக்" என்று மரியாதையாக அழைத்து, என் முழங்காலுக்கு ஏற்றபடி நடந்தார். கீழே அருவிச் சத்தம் கேட்கும் வரையில் பாதை சுகமாகத்தான் இருந்தது. பெரிய மரங்கள், நிழல், ஈர மண். பிறகுதான் சோதனை ஆரம்பமானது. வேரைப் பிடித்து ஏறவேண்டும்; கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும்; இரும்பு ஏணியில் ஏறவேண்டும். இருபது வருடம் காண்டா தோளில் சுமந்த அம்மாவின் மகள் நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன். எத்தனை முறை உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள்!

ஏற ஏற ஒரு மாறுதலைக் கவனித்தேன். மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. கீழே வானத்தைத் தொட்ட காடு, மேலே என் தலை உயரத்துக்கு வந்துவிட்டது. இலைகள் சிறுத்துத் தடித்திருந்தன. கால் வைக்கும் இடமெல்லாம் பாறை. பாறையின் இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் கறுப்பு மண். விசிறியை விரித்துப் பிடித்ததுபோல் ஒரு பெரணி. மத்தோனியா என்பது அதன் பெயர். அதன் இனத்தைச் சேர்ந்த செடிகள் டைனோசர் காலத்திலேயே வாழ்ந்ததற்குப் பாறைப் படிவங்களில் சாட்சி இருக்கிறது. அவ்வளவு பழைய குடும்பத்தின் வாரிசு, நம் தங்காக் மலையில் சாதாரணமாகக் காற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறது!

அதுதான் பாடாங் பத்து. பாறை வெளி என்று பொருள். சரிந்து கிடக்கும் மொட்டைப் பாறையும் அதன் வெடிப்புகளில் அடர்ந்த செடிகளுமாக இருக்கும் இடம்.

அங்கேதான் அவை தொங்கிக்கொண்டிருந்தன.

கொடி போன்ற செடி. நீண்ட இலை. இலை நுனியில் நூல் போல் ஒரு தண்டு இறங்கி, அதன் முனையில் ஒரு குடுவை; அதற்கு ஒரு மூடி. சிலது பச்சை, சிலது இரத்தச் சிவப்பு. உள்ளே பாதி அளவு தண்ணீர். அப்படியே நம் பால் மங்கு! மலாய்க்காரர்கள் இதைப் 'பெரியுக் கெரா', அதாவது குரங்குப் பானை என்கிறார்கள். விஞ்ஞானிகள் நெப்பந்தஸ் என்கிறார்கள். தமிழில் குடுவைச் செடி.

பூச்சி உள்ளே போனதும் மூடி டப்பென்று மூடிக்கொள்ளும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வழிகாட்டி சிரித்தார். மூடி அசைவதே இல்லையாம். மழைத் தண்ணீர் உள்ளே நிறைந்துவிடாமல் அது ஒரு குடை, அவ்வளவுதான். குடுவையின் விளிம்பில் தேன் சுரக்கிறது. தேனுக்கு வரும் எறும்பு, ஈரமான விளிம்பில் கால் வைத்ததும் வழுக்கி விழுகிறது. பல குடுவைகளின் உட்சுவர் மெழுகு பூசியதுபோல் இருப்பதால் ஏறி வர முடிவதில்லை. கீழே இருப்பது வெறும் தண்ணீரல்ல. நம் வயிற்றில் சுரப்பதைப் போன்ற செரிமான நீர். எறும்பு கரைந்து செடிக்கு உணவாகிறது.

ஏன் இந்தப் பாடு? மண்ணில் சத்து இல்லை, அதனால்தான். மலை உச்சியில் பெய்யும் மழை, பாறை மேலிருக்கும் கொஞ்ச மண்ணிலுள்ள உப்புச் சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது புளித்த மண். நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று நாம் மூட்டை மூட்டையாக மரத்துக்குப் போடுகிறோமே, அவை அங்கே கிடையாது. மற்ற செடிகள் பிழைக்க முடியாத அந்த இடத்தில், இந்தச் செடி மட்டும் வேரை நம்பாமல் இலையை மங்காக்கிப் பிழைக்கிறது.

இப்படிப்பட்ட நிலத்துக்குச் சரவாக்கின் ஈபான் மக்கள் வைத்திருக்கும் பெயர் 'கெராங்காஸ்'. நெல் விளையாத நிலம் என்று அர்த்தம். நெல் விளையாத நிலம் என்றால் நாம் என்ன சொல்வோம்? தரிசு, எதற்கும் ஆகாதது என்போம். ஆனால் அந்த ஆகாத நிலத்தில்தான் உலகத்தில் வேறு எங்கும் காண முடியாத உயிர்கள் குடியிருக்கின்றன. தாழ்வான சதுப்புக் காடுகளில் ஒரு வகைக் குடுவைச் செடி தரையோடு தரையாகக் கூட்டமாக வளரும். அதன் மூடி பின்னால் மடங்கியிருக்கும். மேலிருந்து விழும் சருகுகளைப் பிடித்து அவற்றிலிருந்தும் சத்தை எடுத்துக்கொள்ளும். அசைவக் குடும்பத்தில் பிறந்த பாதிச் சைவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்! சரவாக்கில் அந்தக் குடுவைக்குள்ளேயே முட்டையிட்டு வளரும் ஒரு தவளை இருக்கிறது. அதன் அளவு நம் சுண்டு விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. போர்னியோ மலைகளில் இன்னொரு வகை, மர மூஞ்சூறு வந்து தேனை நக்கிவிட்டுப் போகும்போது இடும் எச்சத்தையே உரமாக்கிக்கொள்கிறது. சபாவின் கினபாலு மலையிலுள்ள மிகப் பெரிய வகையின் குடுவையோ இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். இந்தியாவில் இந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு வகைதான், அதுவும் மேகாலயா மலைகளில் இருக்கிறது. இலங்கையிலும் ஒரே ஒரு வகை. நம் மலேசியாவுக்கு எவ்வளவு பெரிய செல்வம் கிடைத்திருக்கிறது, பாருங்கள்.

நான் எருமைப் பாறையைத் தேடினேன். கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்த மாதிரி ஒரு பாறை. அதன் கீழே வெடிப்பு. வெடிப்பில் நீர்க் கசிவு. வெடிப்பு நிறையக் குடுவைச் செடிகள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பேசியில் நான்கைந்து படம் பிடித்தேன்.

வழிகாட்டி சற்று முன்னால் போயிருந்தார். என் தம்பி மகள் குனிந்து ஒரு சின்னச் செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டாள். "அத்தை, இது ஒண்ணே ஒண்ணு மட்டும்? பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு. யாருக்கும் தெரியாது."

அப்போதுதான் பாறை மேல் உட்கார்ந்து, வீட்டில் சொல்லாத கதையை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1983-ம் ஆண்டு நான் ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். பரீட்சைக்குக் கட்டணம் கட்டவேண்டிய நேரம். அந்த வருடம் மழை அதிகம். வெட்டு நாள் குறைவு. வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள். அடகு வைக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்போது பட்டணத்திலிருந்து ஒருவர், பூச்செடி வியாபாரி, குரங்குப் பானைச் செடி கொண்டு வந்தால் ஒன்றுக்கு இரண்டு வெள்ளி தருவதாக அப்பாவிடம் சொன்னார். வெளியூர்க்காரர்கள் ஆசையாக வாங்குகிறார்களாம்.

லீவு நாளில் இருட்டோடு இருட்டாக அப்பா மலை ஏறினார். பொழுது சாய்ந்து சாக்கு மூட்டையோடு இறங்கி வந்தார். இப்படி மூன்று தடவை. என் பரீட்சைக் கட்டணம் கட்டியாயிற்று. தம்பிக்குச் சப்பாத்தும் வாங்கியாயிற்று. நான்காவது தடவை போனவர், வெறும் சாக்கோடு திரும்பி வந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அங்க ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் நான்தான் எடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு அவர் அந்த வேலைக்குப் போகவே இல்லை.

அந்த மூட்டையிலிருந்து ஒரே ஒரு செடியை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். லயத்துக்குப் பின்னால் நல்ல கறுப்பு மண்ணில் நட்டு, மாட்டு எருவும் தோட்டத்து உரமும் போட்டேன். ஆசையாகத்தான் செய்தேன். இலை பெரிது பெரிதாக வந்தது. குடுவை ஒன்றுகூட வரவில்லை. பிறகு நுனி கறுத்து, ஒரு மாதத்தில் செத்துப்போனது. ஏன் என்று அப்போது புரியவில்லை. மண்ணிலேயே சத்துக் கிடைத்துவிட்டால் இந்தச் செடி குடுவை கட்டுவதை நிறுத்திவிடும்; உரம் மிஞ்சினால் வேரே கருகிவிடும் என்று பல வருடம் கழித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பட்டணத்துக்குப் போன மற்றச் செடிகளின் கதியும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

என் தந்தை செய்தது சரியா தவறா? வாசகர்களே, எனக்கு அந்தப் பரீட்சை கிடைத்தது. அதனால் வேலை கிடைத்தது, தம்பிகள் படித்தார்கள். அந்தச் செடிகளின் விலையில்தான் நாங்கள் தலை நிமிர்ந்தோம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் தம்மைத்தாமே நாற்பது வருடமாகக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது, அன்று தேநீர் குடித்துக்கொண்டே அவர் கேட்ட கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது.

இதே பாடாங் பத்துக்கு 1854-ல் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஆல்பிரட் ரசல் வாலஸ் என்று பெயர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. மலாக்காவிலிருந்து சில மலாய்க்காரர்களோடு இந்த மலையில் ஏறினார். பாடாங் பத்தில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லை. தாகம் தாங்காமல் குடுவைச் செடியின் தண்ணீரைக் குடித்தார்கள். உள்ளே பூச்சி மிதந்தது. தண்ணீர் சற்றுச் சூடாகவும் இருந்தது. ஆனாலும் ருசியில் குறையில்லை என்று 1869-ல் வெளிவந்த தமது மலாய்த் தீவுகள் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். என் அப்பாவும் மலையில் தாகம் எடுத்தபோது குடுவைத் தண்ணீர் குடித்தவர்தான். ஆனால் அவர் கெட்டிக்காரர். மூடி இன்னும் திறக்காத இளம் குடுவையைப் பார்த்து எடுத்தாராம். அதில் பூச்சி விழுந்திருக்காது அல்லவா!

வாலஸ் சாதாரண ஆளல்ல. உயிர்கள் எப்படி மாறி மாறிப் புது இனங்களாகின்றன என்ற தத்துவத்தை, டார்வினைப் போலவே தாமும் தனியாகக் கண்டுபிடித்தவர். 1858-ல் இருவருடைய கட்டுரைகளும் லண்டனில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. ஆனால் அவர் பணக்காரர் அல்லர். இந்தத் தீவுகளில் எட்டு ஆண்டுகள் சுற்றி, வண்டும் வண்ணத்துப்பூச்சியும் பறவையுமாக 1,25,660 உயிர்களைச் சேகரித்தார். அவற்றில் பெரும்பகுதியை லண்டனிலுள்ள முகவர் மூலம் விற்றுத்தான் பயணச் செலவைச் சமாளித்தார். வயிற்றுப்பாட்டுக்காக மலையிலிருந்து எடுத்து விற்றவர்கள் என்று பார்த்தால், உலகப் புகழ் பெற்ற அந்த மேதையும், கைநாட்டுப் போடும் என் தந்தையும் ஒரே தொழில் செய்தவர்கள்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. வாலஸ் வந்தபோது மலையைச் சுற்றிக் கடல் போல் காடு இருந்தது. யானையும் காண்டாமிருகமும் போன தடங்களை அவர் இங்கே பார்த்தார். 1877-ல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதன் பிறகு காடு தோட்டமாயிற்று. வெட்டி வெளியாக்கியவை யாருடைய கைகள்? பெரும்பாலும் நம் பாட்டன் பாட்டிமாரின் கைகள்தான். தீபகற்ப மலேசியாவில் காண்டாமிருகம் இன்று இல்லை. 2019-ல் சபாவில் இருந்த கடைசி ஒன்றும் இறந்துபோனது. கடல் சுருங்கிக் குட்டையாகிவிட்டால், ஒரு கை அள்ளினாலும் தெரியத்தானே செய்யும்?

மலை மட்டுமல்ல, சமவெளியிலும் இதே கதைதான். பொந்தியான், மூவார் பக்கம் உள்ளவர்களுக்கு 'தானா காம்புட்' தெரிந்திருக்கும். சாம்பிராணித் தூள் போல் காலை உள்ளே இழுக்கும் கறுப்பு மண். அது மண்ணே அல்ல. ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தண்ணீருக்குள் கிடந்து, மக்கியும் மக்காமலும் இருக்கும் மரமும் இலையுமாகும். கால்வாய் வெட்டி நீரை வடித்து அன்னாசியும் செம்பனையும் நட்டோம். காய்ந்தால் அது அமிழ்ந்துகொண்டே போகும். தீப்பிடித்தால் நிலத்துக்கு அடியிலேயே நாள் கணக்கில் புகையும். 1997-லும் 2015-லும் நம் பிள்ளைகளை இரும வைத்த புகைமூட்டத்தில் பெரும்பங்கு, சுமத்ராவிலும் போர்னியோவிலும் இத்தகைய நிலங்கள் எரிந்ததால் வந்தது.

நெடுஞ்சாலைப் பயணத்தில் ஆயர் ஈத்தாமில் இறங்கிச் சாப்பிடாதவர்கள் ஜொகூரில் உண்டா? அந்தப் பெயருக்குக் கறுப்புத் தண்ணீர் என்று பொருள். சதுப்புக் காட்டில் ஊறித் தேநீர் நிறத்தில் ஓடும் தண்ணீர்தான் அது. அத்தகைய புளிப்புத் தண்ணீரில் மட்டுமே வாழும் ஒரு சண்டை மீன் ஜொகூரில் இருக்கிறது. கட்டை விரல் நீளம்கூட இல்லை, உடம்பெல்லாம் கறுப்பு. 1986-ல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள். காடு போனால் அந்தத் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் அந்த மீனும் போகும். இன்று அது அழியும் ஆபத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரே மூச்சில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லி முடித்தேன். அவள் செடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு அவள் எனக்கு ஒன்று சொன்னாள், பள்ளியில் படித்ததாம். குடுவைச் செடியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் விதை பிடிக்கும். விதை நூல் போல் லேசானது, காற்றில் பறக்கும். "அப்போ ஒண்ணு எடுத்தாலும், அது எந்தச் செடின்னு தெரியாதே அத்தை" என்றாள். கட்டணம் கட்டிப் படிக்க வைப்பது வீண் போகாது, பார்த்தீர்களா!

கீழே இறங்கியபோது எங்கள் பையைத் திறந்து பட்டியலோடு சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "இருக்குதா?" என்றார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால்.

"இருக்குப்பா. நிறைய இருக்கு" என்று கைப்பேசியை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"இது அந்தப் பாறை இல்லம்மா. நான் சொன்னது எருமை. இது முதுகுல திமில் இருக்குது பாரு. இது மாடு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் முழுவதும் முழங்காலைத் தேய்த்து ஏறி இறங்கியும், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டு வரவில்லையே என்று இருந்தது. அப்போது பேத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விதை காற்றில் பறக்கும் கதையைச் சொன்னாள். அப்பா கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"மாட்டுப் பாறையிலேருந்து எருமைப் பாறைக்கு ரொம்ப தூரமில்ல" என்றார். "காத்து அந்தப் பக்கமாத்தான் அடிக்கும்."

அன்றிரவு அவர் வழக்கத்தைவிட ஒரு பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

வாசக அன்பர்களே, பாடாங் பத்து கடினமான ஏற்றம். இருதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் அருவியோடு நின்றுகொள்ளுங்கள். ஏறக்கூடியவர்கள் விடியலில் புறப்படுங்கள். தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாலஸைப் போல் குடுவையை நம்பவேண்டாம்! செடியைத் தொடாதீர்கள். பூங்காவிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம்; அனுமதியின்றிக் குடுவைச் செடிகளை வெளிநாட்டுக்கு விற்பதும் குற்றம். வீட்டில் வளர்க்க ஆசையிருந்தால், நாற்றுப் பண்ணையில் வளர்த்த செடியாகக் கேட்டு வாங்குங்கள். தேங்காய்ப் பஞ்சில் மணல் கலந்து வையுங்கள்; மழைத் தண்ணீர் ஊற்றுங்கள்; உரம் மட்டும் போடாதீர்கள். நான் போட்டுக் கெடுத்தது போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். மேலே போகிறவர்கள் உட்கார்ந்த எருமை போன்ற ஒரு பாறையைப் பார்த்தால், அதன் கீழே வெடிப்பில் குடுவைச் செடி இருக்கிறதா என்று பார்த்து, எத்தனை என்று எண்ணி, இந்தப் பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். திமில் இல்லாத பாறையாக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் ஒருவர் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்.